மறைந்திருக்கும் திரைகள் தின்னும் மெமரி: வாசகர் கேள்வி–பதில்

வலைச் செயலிகளில் கேச் செய்த காம்பொனென்ட்டுகளைப் பற்றி, அதாவது அழிக்காமல் மெமரியில் எடுத்துவைத்த திரைத் துண்டுகளைப் பற்றி, இந்த முறை வந்த கேள்விகள் ஏராளம். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ‘எந்த ஃப்ரேம்வொர்க் உசத்தி?’ என்ற வகையறாவை வழக்கம்போல் ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, எங்கள் நிர்வாகச் செயலி வ்யூ 3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்கில் எழுதப்பட்டது. பயனர்கள் நாள் முழுக்கப் பல திரைகளை மாற்றி மாற்றித் திறப்பார்கள். அதனால் முகவரிக்கு (ரூட்டுக்கு) ஏற்ற திரையைக் காட்டும் ரூட்டர்-வ்யூவை, மறையும் திரையை அழிக்காமல் வைத்திருக்கும் கீப்-அலைவுக்குள் வைத்தேன். திரைகள் கண் இமைப்பதற்குள் வந்து நிற்கின்றன. மேலாளருக்கு மகிழ்ச்சி. ஆனால் காலையில் 200 எம்பி-யில் இருக்கும் டேப், மாலைக்குள் 1.5 ஜிபி-யைத் தொடுகிறது. தட்டச்சு செய்தால் எழுத்து தாமதித்து விழுகிறது. கீப்-அலைவில் மெமரி கசிவு உண்டா? (நிரல் துண்டு இணைத்துள்ளேன்.)

பதில்: கசிவு இல்லை, தம்பி. வைத்துக்கொள் என்று நீங்கள் சொன்னதை அது வைத்துக்கொண்டிருக்கிறது. சொன்னது நீங்கள்தான் என்பதற்கு உங்கள் நிரலின் ஒரே ஒரு வரி சாட்சி: காம்பொனென்ட்டின் கீயாக (அதை அடையாளம் காணும் பெயராக) ரூட்டின் முழுப் பாதையைக் கொடுத்திருக்கிறீர்கள்.

முழுப் பாதை என்றால் கேள்விக்குறிக்குப் பிறகு வருவதும் சேர்த்துத்தான். ஆர்டர் பட்டியலின் 1-ஆம் பக்கம் ஒரு கீ, 2-ஆம் பக்கம் வேறு கீ, தேடல் பெட்டியில் சொல் மாறினால் இன்னொரு கீ. உங்களைப் பொறுத்தவரை அது ஒரே திரை. கீப்-அலைவைப் பொறுத்தவரை நாற்பது திரை. மேக்ஸ் என்ற பண்பையும் நீங்கள் கொடுக்கவில்லை. அதைக் கொடுக்காவிட்டால் உச்சவரம்பு என்று எதுவும் கிடையாது. பக்கம் புரட்டப் புரட்டப் பழைய பிரதிகள் எல்லாமே உயிரோடு இருக்கும்.

ஒரு பிரதி என்றால் என்னென்ன என்று பாருங்கள். காம்பொனென்ட்டின் இன்ஸ்டன்ஸ், அதன் ரியாக்டிவ் நிலை (மாறினால் திரையும் மாறும் தகவல்), அதன் விர்ச்சுவல் டாம், நிஜமான டாம் மரம் (பக்கத்தின் உறுப்புகளைப் பிரவுசர் வைத்திருக்கும் அமைப்பு; விர்ச்சுவல் டாம் அதன் ஜாவாஸ்கிரிப்ட் நகல்), ஒவ்வொரு பொத்தானிலும் சொடுக்குக்குக் காத்துத் தொங்கும் லிசனர்கள், அந்த லிசனர்களின் குளோஷர் பிடித்திருக்கும் மாறிகள், இதே கூட்டம் ஒவ்வொரு பிள்ளைக் காம்பொனென்ட்டுக்கும். 500 வரிசை, 12 நெடுவரிசை உள்ள ஒரு அட்டவணையில் கட்டங்களே 6,000. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு டூல்டிப் காம்பொனென்ட்டைச் சொருகியிருக்கிறீர்கள் என்பதையும் பார்த்தேன். பயனர் கண்ணில் படாத 40 திரைகளுக்கு இதைப் பெருக்குங்கள். 1.5 ஜிபி எனக்கு அதிசயமாகப் படவில்லை.

என்ன செய்யலாம்? முதலில் கீயை மாற்றுங்கள். ரூட்டின் பெயர் போதும்; பக்க எண்ணும் தேடல் சொல்லும் காம்பொனென்ட்டுக்கு உள்ளே மாறட்டும். ‘ஆர்டர் எண் 81’, ‘ஆர்டர் எண் 82’ என்று விவரத் திரைகள் தனித்தனியாக நிற்கத்தான் வேண்டும் என்றால், அந்தத் திரைக்கு மட்டும் எண்ணைக் கீயில் சேருங்கள். அடுத்து, இன்க்ளூட் பண்பில் எந்தெந்தத் திரை கேச் ஆக வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். எழுதாமல் விட்டால் எல்லாமே உள்ளே போகும். இன்க்ளூட் பார்ப்பது காம்பொனென்ட்டின் பெயரை, ரூட்டின் பெயரை அல்ல. இந்த இடத்தில் குழம்பி, ‘கேச் வேலையே செய்யவில்லை’ என்று எழுதுபவர்கள் மாதம் தவறாமல் உண்டு. மூன்றாவதாக மேக்ஸ், அதற்கென்றே அடுத்த கேள்வி வந்திருக்கிறது.

பெரிய பட்டியல்களை, உள்ளே எது மாறினாலும் கவனிக்கும் ரெஃப்-க்குள் போடுவதையும் விடுங்கள். சர்வரிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான வரிசைகளில் யாரும் ஒரு கட்டத்தை உள்ளே புகுந்து மாற்றப் போவதில்லை. பட்டியலே மொத்தமாகத்தான் மாறும். அதற்கு, மேல்மட்ட மாற்றத்தை மட்டும் கவனிக்கும் ஷேலோரெஃப் இருக்கிறது. ஆழத்தில் உள்ள ஒவ்வொரு பொருளையும் பிராக்ஸி என்ற காவல் உறையால் போர்த்தி, யார் யார் அதைப் படிக்கிறார்கள் என்று கணக்கு வைக்கும் வேலை மிச்சம். வ்யூ 3.5 பதிப்பில் (செப்டம்பர் 2024) ரியாக்டிவிட்டி பகுதியின் மெமரிப் பயன்பாடு 56 சதவீதம் குறைந்ததாக அதன் குழுவே அறிவித்தது. பழைய 3.x-இல் இருந்தால் அந்த ஒரு மேம்படுத்தலே கணிசமான பலன் தரும். ஆனால் கீயைத் திருத்தாமல் பதிப்பை மட்டும் ஏற்றினால், மாலையில் வரும் தொல்லை இரவில் வரும், அவ்வளவுதான்.

தட்டச்சுத் தாமதத்துக்கு வேறொரு காரணமும் உங்கள் நிரலில் தெரிகிறது. ஒவ்வொரு திரையும் ரூட்டை வாட்ச் செய்கிறது, அதாவது அது மாறுகிறதா என்று கவனிக்கிறது. மறைந்துவிட்ட திரையின் வாட்ச் நிற்பதில்லை. பயனர் ஒரு வடிகட்டியை மாற்றி முகவரி மாறியதும், கண்ணில் படாத நாற்பது பிரதிகளும் ‘என் ரூட் மாறிவிட்டது’ என்று எழுந்து சர்வரிடம் தகவல் கேட்டு ஆளுக்கொரு ஏபிஐ அழைப்பு விடுகின்றன. பிரவுசரின் டெவ்டூல்ஸில் நெட்வொர்க் பலகையைத் திறந்துவைத்து ஒரு வடிகட்டியை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: மேக்ஸ் மதிப்பை 10 என்று வைத்தால் போதும் என்று சிலர், 20 என்று சிலர். நீங்கள் சொல்வது என்ன?

பதில்: மேக்ஸ் எண்ணுவது காம்பொனென்ட்டுகளை, பைட்டுகளை அல்ல. உதவிக் குறிப்புத் திரை ஒன்று, மூன்று வரைபடமும் ஆயிரம் வரிசையும் கொண்ட அறிக்கைத் திரை ஒன்று. இரண்டும் அதற்கு ‘ஒன்று’தான். அதனால் எண்ணைத் தேர்வதற்கு முன், உங்களிடம் உள்ள மிகக் கனமான திரை எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். அது 40 எம்பி என்றால் 10 என்பது 400 எம்பி வரை போகக்கூடிய வாக்குறுதி. உங்கள் பயனரின் கருவி அதைத் தாங்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். எனக்குப் பிடித்த வழி, கனமான திரைகளை இன்க்ளூட் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, லேசானவற்றுக்குத் தாராளமாக மேக்ஸ் கொடுப்பது.

உள்ளே நடப்பது எளிமையானது, தெரிந்துகொள்வது நல்லது. வ்யூ 3-இல் கீக்கள் ஒரு செட்டில் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் செட் நுழைந்த வரிசையை மறக்காது. ஒரு திரைக்குத் திரும்பி வந்தால் அதன் கீயை நீக்கி மறுபடி சேர்க்கிறார்கள். அது கடைசிக்குப் போய்விடும். எண்ணிக்கை மேக்ஸைத் தாண்டினால் முதலில் நிற்கும் கீயைத் தூக்கிவிடுகிறார்கள். வெகுநேரம் தொடப்படாதது வெளியேறும் எல்ஆர்யு முறை மொத்தமும் இந்த இரண்டு மூன்று வரிதான். படிக்கவே அழகாக இருக்கும் நிரல் அது.

இந்த முறைக்கு ஒரு கண்மூடிப் பக்கம் உண்டு. மேக்ஸ் 5. பயனர் ஆறு திரைகளை 1, 2, 3, 4, 5, 6, மறுபடி 1, 2, 3 என்று வட்டமாகச் சுற்றுகிறார். ஆறாவதைத் திறக்கும்போது முதலாவது வெளியேறும். அடுத்து அவருக்கு வேண்டியது அந்த முதலாவதுதான். அதை மறுபடி உருவாக்கும்போது இரண்டாவது வெளியேறும். அடுத்து வேண்டியது இரண்டாவது. இப்படியே எவ்வளவு சுற்றினாலும் கேச்சிலிருந்து ஒரு முறைகூடக் கிடைக்காது. ஐந்து திரைக்கான மெமரியையும் கொடுத்து, கேச் இல்லாத வேகத்தையும் வாங்கிக்கொள்கிறீர்கள். மேக்ஸை 6 ஆக்கினால் முதல் சுற்றுக்குப் பிறகு எல்லாமே கிடைக்கும். சரிபார்ப்பு வேலை செய்கிறவர்கள் ஒரு கோப்பின் ஆறேழு திரைகளை இப்படித்தான் வரிசையாகச் சுற்றுவார்கள். நான் பணியாற்றிய ஓர் உரிமைகோரல் செயலியில் இதே சுற்றைக் கண்கூடாகப் பார்த்தேன். வரம்பை ஒன்று கூட்டியதும் புகார் நின்றது. ஆகவே 10-ஆ 20-ஆ என்று என்னைக் கேட்பதைவிட, உங்கள் பயனர் ஒரு வேலைக்கு எத்தனை திரைகளைச் சுற்றுகிறார் என்று பதிவுகளைக் கேளுங்கள்.

எதை வெளியேற்றுவது மிகச் சிறந்தது என்ற கேள்விக்கு ஐபிஎம்-மின் லாஸ்லோ பெலாடி 1966-இலேயே விடை சொல்லிவிட்டார்: இனி எது மிகத் தாமதமாகத் தேவைப்படுமோ அதை. எதிர்காலம் தெரிந்தால்தான் அது முடியும். எல்ஆர்யு, கடந்ததை வைத்து வருவதை ஊகிக்கிறது. அந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும்; வட்டமாகச் சுற்றுகிறவரிடம் மட்டும் பலிக்காது.

கேள்வி: குரோமின் ஹீப் ஸ்னாப்ஷாட்டில் (ஜாவாஸ்கிரிப்ட் மெமரியின் அந்த நேரப் படம்) ‘டிடாச்டு’ என்று தேடினால் ஆயிரக்கணக்கில் டாம் கணுக்கள் வருகின்றன. கசிவு என்று சக ஊழியர் சொல்கிறார். கேச் என்று நான் சொல்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: ஸ்னாப்ஷாட் ஒன்றை மட்டும் வைத்து இரண்டு பேருமே ஜெயிக்க முடியாது. கீப்-அலைவ், மறைக்கும் திரையின் டாம் மரத்தை ஆவணத்தில் சேராத ஒரு டிவ்-க்குள் நகர்த்தி வைக்கிறது. ஆவணத்தோடு ஒட்டாத, ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் பிடித்திருக்கும் கணுவைத்தான் குரோமின் கருவி டிடாச்டு என்கிறது. அதாவது கேச் சரியாக வேலை செய்தாலும் இந்தப் பட்டியல் நீளும்.

பிரித்தறிய, திரைகளைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். முதலில் கேச்சில் அடங்கும் எல்லாத் திரைகளையும் ஒரு முறை திறந்து சூடாக்குங்கள். ஒரு ஸ்னாப்ஷாட். பிறகு அதே திரைகளை அதே வரிசையில் பத்து முறை சுற்றுங்கள். இன்னொரு ஸ்னாப்ஷாட். மறுபடி பத்துச் சுற்று, மூன்றாவது ஸ்னாப்ஷாட். முதலில் ஏறி அப்புறம் சமமாக நின்றால் அது கேச்; உங்கள் பக்கம் சரி. ஒவ்வொரு பத்துக்கும் ஒரே அளவு ஏறிக்கொண்டே போனால் கசிவு; சக ஊழியருக்குத் தேநீர் வாங்கிக் கொடுங்கள். ஸ்னாப்ஷாட் எடுக்கும்போதே குப்பை சேகரிப்பு (இனி யாரும் பிடிக்காத பொருள்களை அகற்றுவது) நடந்துவிடுவதால், தனியாகப் பொத்தான் அழுத்தவில்லையே என்ற சந்தேகம் வேண்டாம்.

இரண்டு ஸ்னாப்ஷாட்டை ஒப்பிட்டுப் பார்க்கும்போது ‘ஷேலோ’ அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு டிவ் தன்னளவில் சில நூறு பைட்தான். அது போனால் கூடவே என்னென்ன போகும் என்பதைச் சொல்வது ‘ரிட்டெய்ன்டு’ அளவு. அதை வைத்து வரிசைப்படுத்துங்கள். பிறகு கீழே உள்ள ரிட்டெய்னர்கள் பலகையில், யார் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்று மேல்நோக்கி ஏறுங்கள். கீப்-அலைவின் கேச் மேப்பில் போய் முடிந்தால் நியாயமான பிடி. விண்டோ மீது வைத்த ரீசைஸ் லிசனர், செட்இன்டர்வல் (இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்ப ஓடும் கடிகாரம்), மாட்யூல் மட்டத்தில் கிடக்கும் ஓர் அரே இவற்றில் போய் முடிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

அளக்கும்போது கன்சோலில் பொருள்களை அச்சிடாதீர்கள். கன்சோல் காட்டும் பொருளைக் கன்சோலே பிடித்துவைத்திருக்கும். வ்யூ, ரியாக்ட் டெவ்டூல்ஸ் நீட்சிகளை அணைத்துவிடுங்கள். புரொடக்‌ஷன் பில்டில் (பயனருக்குப் போகும் இறுதி வடிவில்) அளவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால், இரண்டு நாள் வேட்டையாடிவிட்டு ‘நீட்சிதான் காரணம்’ என்று கடிதம் வரும்.

கேள்வி: எங்கள் பலகைத் திரையில் (டாஷ்போர்டில்) ஆறு வரைபடங்கள். ஸ்னாப்ஷாட் 90 எம்பி என்கிறது. குரோமின் டாஸ்க் மேனேஜர் அதே டேபுக்கு 600 எம்பி என்கிறது. எதை நம்ப?

பதில்: இரண்டையும். ஸ்னாப்ஷாட் பார்ப்பது ஜாவாஸ்கிரிப்ட் ஹீப்பையும் அதோடு ஒட்டிய டாம் கணுக்களையும். விரித்த படங்கள், கேன்வாஸின் பிக்சல்கள், வெப்ஜிஎல் (கிராஃபிக்ஸ் சிப் மூலம் வரையும் முறை) டெக்ஸ்ச்சர்கள் எல்லாம் அதற்கு வெளியே. டாஸ்க் மேனேஜர் மொத்தத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

உங்கள் பலகையில் ஆறு வரைபடங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று 800-க்கு 400 என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி 2 உள்ள திரையில் நிஜ அளவு 1,600-க்கு 800. பிக்சலுக்கு 4 பைட். ஒரு வரைபடம் 5.12 எம்பி, ஆறுக்கு 30 எம்பி-க்கு மேல். ஒரு பலகைக்கு இவ்வளவு. கேச்சில் எட்டுப் பலகை இருந்தால் 245 எம்பி, ஸ்னாப்ஷாட்டில் ஓசையே இல்லாமல். வரைபடத்தின் எண்களை வைத்துக்கொண்டு, திரை மறையும்போது வரைபடத்தை டிஸ்போஸ் செய்துவிட்டு, திரும்பும்போது மறுபடி வரையுங்கள். பயனர் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மாட்டார்.

வெப்ஜிஎல் வரைபடம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சுவர் இருக்கிறது. டெஸ்க்டாப் குரோமில் ஒரே சமயத்தில் 16 வெப்ஜிஎல் கான்டெக்ஸ்ட் (வரைபரப்பு) வரைதான். பதினேழாவதைத் திறந்தால் பழையது ஒன்று பறிபோகும். கேச்சிலிருந்து எடுத்த வரைபடத் திரை வெறுமையாக வருகிறது என்று கேட்டிருந்த இன்னொரு வாசகருக்கும் பெரும்பாலும் இதுவே விடை.

கேள்வி: மெமரிதான் இப்போது எல்லாக் கருவியிலும் தாராளமாக இருக்கிறதே! பத்துத் திரை கூடுதலாக நின்றால் என்ன குடி முழுகிவிடும்?

பதில்: நிற்பதற்கு மட்டும் அல்ல, எண்ணுவதற்கும் செலவு. குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரமான வி8-இன் குப்பை சேகரிப்பு, பழைய தலைமுறைப் பகுதியில் (நெடுநேரம் பிழைத்த பொருள்களின் இடத்தில்) உயிரோடு இருக்கும் ஒவ்வொரு பொருளையும் தொட்டு அடையாளமிட்டுக்கொண்டு போகிறது. இறந்தவற்றைவிட உயிரோடு இருப்பவைதான் அதற்குச் சுமை. கேச் செய்த திரை முழுக்கவே ‘உயிரோடு’ கணக்கில் வரும். இந்த வேலையின் பெரும்பகுதியைப் பின்னணித் த்ரெட்டுகளுக்கு (இணையாக ஓடும் வேலை ஓட்டங்களுக்கு) வி8 தள்ளிவிட்டது. முழுவதையும் தள்ள முடியவில்லை. மிச்சம் முதன்மைத் த்ரெட்டில், பயனர் தட்டச்சு செய்யும் அதே இடத்தில், நடக்கிறது.

2024 மார்ச் முதல் கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் என்ற தள அனுபவ அளவுகோல்களில் இடம் பிடித்திருக்கும் ஐஎன்பி அளவு, ஒரு சொடுக்குக்கும் திரையில் மாற்றம் தெரிவதற்கும் இடையில் 200 மில்லிவிநாடிக்குள் வேண்டும் என்கிறது. திரை மாறும் வேகத்துக்காக கேச் போட்டு, மற்ற எல்லாச் சொடுக்குகளுக்கும் அந்த வேகத்தைத் தோற்கும் செயலிகள் உண்டு. இரண்டையும் அளக்காதவரை அது தெரியாது.

கேள்வி: ரியாக்டில் கீப்-அலைவ் கிடையாது. அதற்காக எல்லாக் காம்பொனென்ட்டையும் மெமோவில் (உள்ளீடு மாறாதவரை மறுபடி வரைய விடாத உறையில்) போர்த்தியிருக்கிறோம். இது போதுமா?

பதில்: நீங்கள் கேட்பது ஒன்று, போர்த்தியது வேறு. ரியாக்ட் மெமோ, யூஸ்மெமோ இரண்டும் கடைசி முறை வந்த விடையை மட்டுமே வைத்திருக்கும். திரை அன்மவுண்ட் ஆனால் (பக்கத்திலிருந்து அகற்றப்பட்டால்) அதுவும் போய்விடும். மெமரி ஏறாததற்கு அதுவே காரணம். திரும்பி வரும்போது திரை புதிதாகப் பிறப்பதற்கும் அதுவே காரணம். ஒவ்வொரு ரெண்டரிலும் புதிதாக உருவாகும் பொருளையோ ஃபங்ஷனையோ பிராப்பாக, அதாவது உள்ளீடாக, கொடுத்தால், மெமோ ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ‘மாறிவிட்டது’ என்று மறுபடி வரையும். ஒப்பிட்ட செலவுதான் மிச்சம். ரியாக்ட் கம்பைலர் 1.0, 2025 அக்டோபரில் வந்துவிட்டது. கையால் போர்த்துவதை அதனிடம் விட்டுவிடலாம்.

நீங்கள் உண்மையில் தேடுவது ரியாக்ட் 19.2 பதிப்பில், அதே மாதம் வந்த ஆக்டிவிட்டி. மோடை ஹிட்டன் என்று வைத்தால், டாமை ஆவணத்திலேயே வைத்து டிஸ்பிளே நன் மூலம் மறைக்கிறது. நிலை அப்படியே இருக்கும். எஃபெக்ட்டுகள் (இன்டர்வல், சாக்கெட் போல் திரையோடு சேர்ந்து ஓடும் வேலைகள்) மட்டும் துப்புரவாகிவிடும். திரும்பக் காட்டும்போது மறுபடி ஓடும். இந்தக் கடைசிக் குணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இன்டர்வலையும் சாக்கெட்டையும் எஃபெக்ட்டின் கிளீனப்பில் ஒழுங்காக மூடியிருந்தால், மறைந்த திரை அமைதியாக இருக்கும். ஆனால் ஆக்டிவிட்டியில் மேக்ஸ் போன்ற வரம்பு கிடையாது. எதை எப்போது அகற்றுவது என்பது முழுக்க உங்கள் பொறுப்பு. மறைந்த திரையில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும், கிளீனப்பில் நிறுத்துங்கள்.

ஆங்குலர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கே ரூட்ரீயூஸ்ஸ்ட்ராட்டஜி இருக்கிறது. அதில் கழற்றிய திரையை நீங்களே ஒரு மேப்பில் போட்டுவைக்கிறீர்கள். மேப்பிலிருந்து கீயை நீக்கினால் காம்பொனென்ட் தானாக அழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள்; அழிப்பதையும் நீங்களே செய்ய வேண்டும்.

கேள்வி: மேடம், கேச் செய்த திரைக்குத் திரும்பினால் பழைய தகவலே காட்டுகிறது. ஆக்டிவேட்டட் ஹூக்கில் (திரை மறுபடி தோன்றும்போது ஓடும் நிரலில்) மறுபடி ஏபிஐ அழைத்தால், கேச் எதற்கு என்று மேலாளர் கேட்கிறார்.

பதில்: உங்கள் மேலாளர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார், அவருக்கு என் வணக்கம். இந்தப் பத்தியில் நான் திரும்பத் திரும்பச் சொல்ல நினைப்பதும் அதுதான். திரையைக் கேச் செய்பவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது திரை அல்ல, தகவல். சர்வரிலிருந்து வர 800 மில்லிவிநாடி, வரைய 40 என்றால், மறைத்துவைக்க வேண்டியது அந்த 800-ஐ. தகவலை ஒரு கேச்சில் வையுங்கள், திரையை அழியவிடுங்கள். தகவல் சில நூறு கேபி. திரை பல எம்பி. திரும்பி வரும்போது பழைய தகவலை உடனே காட்டிவிட்டு, பின்னணியில் புதியதைக் கொண்டுவந்து மாற்றலாம்.

திரையே வேண்டும் என்பதற்கு நியாயமான காரணம், சர்வரிடம் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருப்பது: பாதி நிரப்பிய படிவம், பல அடுக்கு விரித்த மரப் பட்டியல், வரைந்துகொண்டிருக்கும் ஓவியம். வரைவதே அரை விநாடிக்கு மேல் எடுக்கும் திரைகளும் உண்டு. அவற்றைக் கேச் செய்வதைவிட ஏன் அவ்வளவு நேரம் என்று பார்ப்பது லாபம். பத்தாயிரம் வரிசையை ஒரே மூச்சில் வரைகிற அட்டவணைக்கு வேண்டியது விர்ச்சுவல் ஸ்க்ரோல், அதாவது கண்ணில் படும் வரிசைகளை மட்டும் வரைவது.

சர்வர் தகவலைக் கேச் செய்யும் டான்ஸ்டாக் குவெரி போன்றவற்றைக் கீப்-அலைவோடு சேர்த்துப் பயன்படுத்தினால் ஒரு நுட்பம் கவனியுங்கள். யாரும் பார்க்காத தகவலை 5 நிமிடத்தில் தூக்கிப்போடும் ஜிசிடைம் அதில் இயல்பாகவே உண்டு (5-ஆம் பதிப்புக்கு முன் கேச்டைம் என்று பெயர்). ஆனால் கீப்-அலைவுக்குள் மறைந்த காம்பொனென்ட்டின் ஸ்கோப் (அதன் கவனிப்புகளின் தொகுப்பு) கலைவதில்லை. அதனால் யாரோ இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றே அது நம்பும். 5 நிமிடக் கடிகாரம் ஓடவே தொடங்காது. இரண்டு கேச்சும் ஒன்றையொன்று விழிக்கவைத்து, மெமரியை இரண்டு மடங்கு தின்னும்.

கூடவே ஒன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: வெளியேறு பொத்தானை அழுத்தியதும் உங்கள் செயலி என்ன செய்கிறது? பக்கத்தை ரீலோட் செய்யாமல் லாகின் திரைக்கு ரூட்டை மட்டும் மாற்றினால், முந்தைய பயனரின் திரைகள் கேச்சில் அப்படியே இருக்கும். அடுத்தவர் உள்ளே வந்து அதே திரையைத் திறந்தால் முந்தையவரின் விவரம் அவர் கண்ணில் படும். வெளியேறும்போது முழு ரீலோட். இதில் நளினம் தேவையில்லை.

கேள்வி: ஆன்அன்மவுண்டட் ஹூக்கில் எல்லா இன்டர்வலையும் ஒழுங்காக நிறுத்துகிறோம். ஆனாலும் மறைந்த திரைகள் சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்கின்றனவே?

பதில்: விருந்தாளி கிளம்பியதும் விளக்கை அணைப்பேன் என்று காத்திருக்கிறீர்கள், விருந்தாளியோ மாடியில் படுத்துத் தூங்குகிறார். கீப்-அலைவுக்குள் இருக்கும் திரை மறையும்போது அன்மவுண்டட் வராது. கேச்சிலிருந்து வெளியேற்றப்படும்போதுதான் வரும். ஆன்டீஆக்டிவேட்டடில் நிறுத்துங்கள், ஆன்ஆக்டிவேட்டடில் தொடங்குங்கள். முதல் முறை மவுண்ட் ஆகும்போதும் ஆக்டிவேட்டட் வரும், அழியும்போதும் டீஆக்டிவேட்டட் வரும். அதனால் மவுண்டடிலும் ஆக்டிவேட்டடிலும் இரண்டிடத்திலும் தொடங்கிவிடாதீர்கள். இரண்டு கடிகாரம் ஓடும்.

கேள்வி: மொபைலில் வேறு செயலிக்குப் போய்த் திரும்பினால் எங்கள் பக்கம் முதலிலிருந்து லோட் ஆகிறது. கேச் செய்த படிவம் காலி. ஏன்?

பதில்: இயங்குதளத்துக்கு மெமரி தேவைப்பட்டது, உங்கள் டேபைக் கொன்றுவிட்டது. கனமான டேப்தான் முதலில் கண்ணில் படும். அதாவது படிவத்தைக் காப்பாற்ற நீங்கள் போட்ட கேச்சே, படிவம் தொலையும் வாய்ப்பைக் கூட்டியிருக்கிறது. காம்பொனென்ட் கேச் சேமிப்புக் கிடங்கு அல்ல. பயனர் எழுதியது முக்கியம் என்றால் பிரவுசரின் சேமிப்பிடங்களான செஷன்ஸ்டோரேஜிலோ இன்டெக்ஸ்ட்டிபியிலோ வரைவாக எழுதுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் அல்ல, கை ஓய்ந்த இடைவெளியில்.

கேள்வி: பிரவுசரின் பின் பொத்தானுக்கு என்று தனியாக ஒரு கேச் இருக்கிறதாமே?

பதில்: பிஎஃப்கேச். ஃபயர்பாக்ஸ் 1.5 (2005) முதலே உண்டு. டெஸ்க்டாப் குரோமுக்கு 96-இல்தான் வந்தது. பக்கம் முழுவதையும், ஓடிக்கொண்டிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டோடு சேர்த்து உறையவைத்து, திரும்பும்போது உருக்கித் தருகிறது. பல பக்கங்களாகப் பிரிந்த தளம் என்றால் உங்களுக்கு வேறு காம்பொனென்ட் கேச்சே வேண்டாம். அன்லோட் நிகழ்வைக் கேட்கும் பழைய அனலிடிக்ஸ் துண்டு ஏதாவது இருந்தால் டெஸ்க்டாப்பில் இது வேலை செய்யாது. அதைத் தேடி எடுத்து, பேஜ்ஹைடு நிகழ்வுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: சர்வர் பக்கத்தில் காம்பொனென்ட்டின் எச்டிஎம்எல்-ஐ, தகவலை மெமரியில் வைக்கும் ரெடிஸில் கேச் செய்கிறோம். ரெடிஸின் மெமரி நிரம்பியதும் எழுதும் அழைப்புகள் பிழை தருகின்றன. அதுவே பழையதை வெளியேற்றாதா?

பதில்: நீங்கள் சொல்லாமல் செய்யாது. மேக்ஸ்மெமரி-பாலிசி இயல்பாக நோஎவிக்‌ஷன். நிரம்பினால் எழுத மறுக்கும். தரவுத்தளமாகப் பயன்படுத்துபவருக்கு அதுதான் சரி. உங்களைப் போலக் கேச்சாக மட்டும் பயன்படுத்தினால் ஆல்கீஸ்-எல்ஆர்யு என்று மாற்றுங்கள். சில துண்டுகள் மட்டும் ஓயாமல் கேட்கப்படுகின்றன என்றால், ரெடிஸ் 4.0 முதல் உள்ள எல்எஃப்யு (குறைவாகக் கேட்கப்பட்டதை வெளியேற்றும் முறை) பொருத்தம். ரெடிஸின் எல்ஆர்யு துல்லியமானதும் அல்ல. இயல்பாக 5 கீக்களை மாதிரி எடுத்து, அவற்றில் பழையதைத் தேடித் தூக்குகிறது. முழுப் பட்டியலை வரிசையில் வைத்துப் பராமரிக்கும் மெமரியை மிச்சப்படுத்தத்தான் இந்தச் சிக்கனம். பயனருக்குப் பயனர் மாறும் துண்டை, பயனர் எண் இல்லாத கீயில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: கீப்-அலைவுக்குள் உள்ள திரையில் ஐஃப்ரேமில் (பக்கத்துக்குள் இன்னோர் ஆவணத்தைக் காட்டும் பெட்டியில்) ஒரு பிடிஎஃப் காட்டுகிறோம். திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்துக்கே போய்விடுகிறது. மற்றதெல்லாம் கேச் ஆகிறதே, இது மட்டும் ஏன்?

பதில்: ஐஃப்ரேமை ஆவணத்திலிருந்து கழற்றினால் உள்ளே இருக்கும் ஆவணம் செத்துவிடும், மறுபடி ஒட்டும்போது புதிதாக லோட் ஆகும். இது பிரவுசரின் விதி, வ்யூ ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே ஸ்க்ரோல் ஆகும் பெட்டிகள் மேலே போய் நிற்பதும் இதே கழற்றலால்தான். அதற்காவது மறையும்போது இடத்தைக் குறித்துவைத்துத் திரும்பும்போது வைத்துவிடலாம். ஐஃப்ரேமுக்கு அது முடியாது. கழற்றாமல் நகர்த்தும் மூவ்பிஃபோர் என்ற ஏபிஐ குரோம் 133-இல் வந்திருக்கிறது. ஆனால் அது ஆவணத்துக்குள் இடம் மாற்றுவதற்கு; வெளியே உள்ள டிவ்-க்குக் கொண்டுபோவதற்கு உதவாது. இப்போதைக்கு ஐஃப்ரேமை ரூட்டர்-வ்யூவுக்கு வெளியே, செயலியின் மேல்மட்டத்தில் வைத்து, கழற்றாமல் மறைக்கும் வி-ஷோ மூலம் காட்டி மறையுங்கள். ஒரே ஓர் ஐஃப்ரேம் மட்டும். பிடிஎஃப்-க்கு ஒன்று என்று வைக்கத் தொடங்கினால் அடுத்த இதழுக்கு முதல் கேள்வியை மறுபடி நீங்களே அனுப்புவீர்கள்.